ரயிலில் தைத்த முகூர்த்தப் புடவை

எண்பதுகளின் கடைசி. என் பெரிய பெண் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் என்று ஞாபகம். அப்போது நாங்கள் சேலையூரில் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். நான் சொல்லப்போகிறது தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்குப் போகிற காலை வண்டியில், லேடீஸ் பெட்டியில் நடந்தது.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ஒரு கம்பெனி ஆபீசில் ஆயா வேலை. கூட்டிப் பெருக்கி, மேஜை துடைத்து, பானையில் தண்ணீர் பிடித்து வைத்து, எல்லாருக்கும் டீ வாங்கி வருவேன். ஆபீஸ் முதலில் மேற்குத் தாம்பரத்திலேயே இருந்தது. ரயில்வே மேம்பாலப் படியில் ஏறி இறங்கினால் ஆபீஸ். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்து, புடவைக் கரைக்கு உள்பக்கம் துணி வைத்து ஃபால்ஸ் தைப்பேன். அதுதான் என் சொந்தத் தொழில். மிஷின் கிடையாது, கைத்தையல்தான். மிஷினில் அடித்த ஃபால்ஸ் கரையில் வரிவரியாகத் தெரியும். என் தையல் வெளியே தெரியாது என்று தெருவில் ஒரு பேர் உண்டு.

திடீரென்று ஆபீசை பாரிமுனை பக்கம் மாற்றிவிட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அங்க வர முடிஞ்சா வாம்மா, முடியலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் பம்மலில் தோல் ஷெட்டில் வேலை பார்த்தார். ஷெட்டில் வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் ஆபீசையும் விட முடியாது, தையலையும் விட முடியாது. காலையில் பிள்ளைகளுக்குச் சாதம் கட்டி வைத்துவிட்டு ஓடினால், திரும்பி வரும்போது தெருவிளக்கு எரியும். உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்க்கும்போதே கண் சொக்கும். முதல் மாதம் வந்த புடவைகளை எல்லாம் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கிறபோது அழுகையாக வரும்.

அப்புறம்தான் ஒரு நாள் ரயிலில் என்னைச் சுற்றிப் பார்த்தேன். லேடீஸ் பெட்டியில் யாரும் சும்மா வரவில்லை. ஒரு அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்குகிறாள். இன்னொருத்தி அவரைக்காய் நார் எடுக்கிறாள். மூலையில் ஒரு மாமி கண்ணை மூடி ஸ்லோகம் சொல்கிறாள். எதிர் சீட்டில் பூக்காரம்மா ஒருத்தி. கூடையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சானடோரியத்தில் தொடங்கினால் எழும்பூரில் இறங்குவதற்குள் கூடை முழுக்கக் கட்டி முடித்துவிடுவாள். வீட்டில் கிடைக்காத நேரத்தை எல்லாரும் ரயிலில் வைத்திருந்தார்கள். மறுநாள் நானும் மஞ்சள் பையில் ஒரு சாதாரண வாயில் ரகப் புடவையும், ஊசி நூலும், பாதி பிளேடும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

ரயில் தையலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வண்டி ஓடும்போது நேர்த்தையல் போடலாம். குலுக்கலுக்குத் தகுந்த மாதிரி கையும் போய் வரும். மூலை மடித்துத் தைப்பதை மட்டும் சிக்னலில் வண்டி நிற்கும்போதுதான் செய்ய வேண்டும். போகும்போது பாதி, வரும்போது பாதி என்று ஒரு புடவை முடிந்துவிடும். தாம்பரத்தில் வண்டி கிளம்புவதால் எனக்கு எப்போதும் ஜன்னல் ஓரம் கிடைக்கும். உட்கார்ந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஆட்களைப் பார்த்துப் பேச வராது. கூட வருகிறவர்களை எல்லாம் காலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். யார் மெட்டி, யார் செருப்பு என்று சொல்லிவிடுவேன். முகம் கேட்டால் தெரியாது.

ஒரு தடவை அசந்து போய், மடியிலிருந்த என் புடவையையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். பீச்சில் எழுந்தபோது இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் இது எப்படியோ தெரிந்து பூக்காரம்மா சிரித்த சிரிப்பு பெட்டி முழுக்கக் கேட்டது. "இன்னா யக்கா, ஃபால்ஸ் தச்சா கூடவே ஒரு பொடவ இனாமா? என்னுதுக்கும் தச்சுக் குடேன்!" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து மடியில் ஒரு பழைய வேட்டித் துண்டை விரித்துக்கொண்டுதான் தைப்பேன். பட்டுப் புடவையை மட்டும் ரயிலில் எடுப்பதே இல்லை என்று வைத்திருந்தேன். பட்டு என்றால் ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருந்தார்கள். எனக்கு முதல் புடவை கொடுத்ததும் அவர்கள்தான், பள்ளிக்கூடத்து மற்ற டீச்சர்களிடம் என்னைப் பற்றிச் சொன்னதும் அவர்கள்தான். அவர்கள் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. காஞ்சிபுரத்தில் எடுத்த முகூர்த்தப் புடவையை என் கையில் கொடுத்து, "இதை நான் வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேம்மா" என்றார்கள். அரக்கு நிறம். கரையில் அன்னப்பட்சி. கையில் வாங்கும்போதே கனமாக இருந்தது.

அந்த வாரம் பார்த்துத்தான் ஆபீசில் ஸ்டாக் எடுத்தார்கள். ராயபுரத்தில் இருந்த குடோனுக்கும் ஆபீசுக்குமாக என்னை அலைய விட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கரண்ட் இருக்காது. ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லிவிட்டார்கள். லீவு கேட்டேன். "ஸ்டாக் எடுக்கிற வாரத்துல லீவா? நல்லா கேட்டம்மா போ" என்று மேனேஜர் சிரித்தார். அதிகாலையில் எழுந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்தும், கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் ஒரு முழம் பாக்கி நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் அவர்கள் மண்டபத்துக்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் புடவை போய்ச் சேர வேண்டும்.

பையில் பட்டுப் புடவையை எடுத்து வைப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "ரயில்லயா எடுத்துட்டுப் போற?" என்றார். ஒரு முழம்தானே என்றேன்.

வெளியே நல்ல மழை. பெட்டியில் ஜன்னல் கதவுகளை எல்லாம் இறக்கிவிட்டார்கள். உள்ளே மங்கலாக இருந்தது. புடவை முழுவதையும் வேட்டித் துண்டில் சுற்றி, தைக்க வேண்டிய ஒரு முழக் கரையை மட்டும் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பல்லாவரத்தில் ஒரு பெண் நனைந்துகொண்டே ஓடி வந்து ஏறினாள். பூக்காரம்மா, "தள்ளுக்கா, பாவம் எப்டி நனைஞ்சுகினு வந்துகீது பாரு" என்று சொல்லி அவளை என் பக்கத்தில் இடுக்கி உட்கார வைத்தாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அந்தப் பெண் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்குக் கை அசைக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுப்ப மனசு வரவில்லை. அவள் தூங்கின விதத்திலேயே தெரிந்தது, நாள் முழுக்க நின்று வேலை செய்கிற உடம்பு என்று.

வெளிச்சம் போதாமல் கண்ணைவிட விரலை நம்பித்தான் தைத்தேன். கிண்டி தாண்டி, சைதாப்பேட்டையில் வண்டி நின்றபோது கடைசி மூலையை மடித்துத் தைத்து முடிச்சும் போட்டுவிட்டேன். நூலை பிளேடால் அறுத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்தச் சந்தோஷம் மாம்பலம் வருகிறவரைக்கும்கூட நிலைக்கவில்லை.

வண்டி வேகம் குறைந்ததும் அந்தப் பெண் திடுக்கிட்டு விழித்து, ஐயோ மாம்பலம் என்று எழுந்தாள். அவளோடு என் மடியும் எழுந்தது.

அவள் முந்தானை ஈரத்தோடு நழுவி எப்போது என் வேட்டித் துண்டுக்கும் பட்டுக் கரைக்கும் நடுவில் வந்து கிடந்ததோ தெரியாது. அதுவும் அரக்கு நிறம்தான். மெல்லிசான துணி. ஒரு சாண் நீளத்துக்கு ஃபால்ஸ், பட்டு, அவள் முந்தானை மூன்றையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

"இழுக்காதம்மா! முகூர்த்தப் புடவை!" என்று கத்தினேன். அந்த ரயிலில் அதுவரை யாரும் என் குரலைக் கேட்டதே இல்லை. பெட்டியே திரும்பிப் பார்த்தது. பூக்காரம்மா குனிந்து பார்த்துவிட்டு, "அடிப்பாவி யக்கா! அன்னிக்கு உன் பொடவ, இன்னிக்கு அடுத்தவ பொடவயா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வண்டி பிளாட்பாரத்தில் நின்றுவிட்டது. மாம்பலம் என்றால் சொல்ல வேண்டுமா, இறங்குகிறவர்கள் பாதி, ஏறுகிறவர்கள் பாதி, நடுவில் நாங்கள் இரண்டு பேரும் மாடும் கயிறுமாக. பிளேடை எடுத்தேன். தையல் பொடித்தையல், நூலும் அதே நிறம். இந்த நெரிசலில் பிளேடு கொஞ்சம் நழுவினால் பட்டு போய்விடும். அந்தப் பெண்ணின் கால் வாசல் பக்கம் திரும்புகிறது, மறுபடி என் பக்கம் திரும்புகிறது.

"நேரம் தாண்டினா கடை ஷட்டரை இறக்கிடுவாங்க அக்கா, உள்ள விட மாட்டாங்க. போன வாரமே வார்னிங் குடுத்துட்டாங்க" என்றாள். அழுதுவிடுகிற குரல்.

பின்னாலிருந்து யாரோ ஒருத்தி, "இழுத்துட்டு இறங்கும்மா, உன் மேலயா தப்பு?" என்றாள். அது நியாயம்தான். அவள் ஒரு இழு இழுத்திருந்தால் கரை கிழிந்து ஜரிகை பிரிந்திருக்கும். அவளை யாரும் ஒன்றும் கேட்டிருக்க முடியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாருக்கு அக்கா கல்யாணம்?" என்று கேட்டாள்.

"எங்க டீச்சர் பொண்ணுக்கும்மா. இன்னிக்கு சாயங்காலம் மண்டபத்துக்குப் போறாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் என் கையிலிருந்து பிளேடை வாங்கினாள். தன் முந்தானையின் ஓரத்தில் ஒரு கீறல் போட்டாள். போட்டுவிட்டு, இரண்டு கையாலும் டர்ரென்று கிழித்தாள். மூலைத் துண்டு என் மடியில் பட்டோடு நின்றுவிட்டது. மீதி முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "மெதுவா பிரிச்சுக்குங்க அக்கா" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் புகுந்து இறங்கிவிட்டாள். வண்டி நகர்ந்தது. ஜன்னல் கதவைத் தூக்கிப் பார்ப்பதற்குள் மழையும் குடையும்தான் தெரிந்தது.

பூக்காரம்மா இப்போது சிரிக்கவில்லை. "அது அவ சொந்தப் பொடவ இல்ல யக்கா. ரங்கநாதன் தெருவுல ஜவுளிக் கடை கீது பாரு, அங்க வேலை செய்ற பொண்ணுங்களுக்கு கடையில குடுக்கிற பொடவ. கிழிச்சுகினு போனா சும்மா உடுவானா?" என்றாள்.

ஆபீசில் மத்தியானம் எல்லாரும் சாப்பிடுகிற நேரத்தில், ஸ்டோர் ரூம் ஜன்னல் கீழே உட்கார்ந்து ஊசி முனையால் ஒவ்வொரு தையலாக நெம்பி எடுத்தேன். பட்டில் ஒரு இழை கூட நலுங்கவில்லை. அந்த ஒரு சாண் கரையைத் திரும்பவும் தைத்தேன். கிழிந்த துண்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மேனேஜரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. என் முகத்தைப் பார்த்தே முன்னாடியே அனுப்பிவிட்டார் என்று நினைக்கிறேன். டீச்சர் வீட்டு வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. புடவையை விரித்துக் கரையைத் தடவிப் பார்த்து, "தையல் எங்க இருக்குன்னே தெரியலையே!" என்று டீச்சர் என் கன்னத்தைத் தட்டினார்கள். நடந்ததைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. எனக்குத்தான் வாய் வராதே.

மறுநாள் காலை முகூர்த்தத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் நின்றேன். எல்லாரும் கல்யாணப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவள் பாதத்துக்கு மேலே அசைகிற கரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தாலி கட்டுகிற நேரத்திலும், அந்த ஜவுளிக் கடைப் பெண்ணை ஷட்டருக்கு வெளியே நிறுத்தியிருப்பார்களோ என்றுதான் மனசு ஓடியது.

அதற்கப்புறம் அவள் ரயிலில் வரவே இல்லை. பல்லாவரம் வந்தால் நான் தையலை நிறுத்திவிட்டு வாசலையே பார்ப்பேன். யாராவது ஏறினால் இவளாக இருக்குமோ என்று தோன்றும். அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் தோளில் தலை வைத்துத் தூங்கினவள், எனக்காகப் புடவையைக் கிழித்தவள், அவள் முகம் எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் என் மடியும் அவள் கையும்தான்.

"கடைக்கே போய்ப் பாரேன் யக்கா, உன்னக் கடிச்சா துன்னுடுவாங்க?" என்று பூக்காரம்மா தினமும் பிடுங்கி எடுத்தாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குத் திரும்பும்போது மாம்பலத்தில் இறங்கினேன். அத்தனை நாள் போய் வந்தும் அந்த ஸ்டேஷனில் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. உள்ளே போனால், எங்கே பார்த்தாலும் அரக்குப் புடவை. அத்தனை பெண்களும் ஒரே புடவை, ஒரே மாதிரி பின்னல், ஒரே மாதிரி "வாங்கக்கா, என்ன பாக்கறீங்க?"

யாரையும் விசாரிக்கவும் பயம். நான் போய்ப் புடவை கிழிந்த பெண் யார் என்று கேட்டால், அவள் மறைத்து வைத்திருந்தால் நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, காட்டன் புடவை பார்க்கிற மாதிரி பாவனை செய்தேன். முகம் தெரியாவிட்டால் என்ன, எனக்குப் புடவை தெரியுமே. ஒவ்வொரு முந்தானையாகப் பார்த்தேன். எல்லாருக்கும் முந்தானை பின்னால் தொங்கியது. ஒரே ஒரு பெண் மட்டும் முந்தானையை நெருக்கமாக மடிப்பு வைத்து, பின் குத்தி, நுனியைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகியிருந்தாள்.

அவளிடம் போய் நின்றேன். "இந்தப் புடவையை விரிச்சுக் காட்டும்மா" என்றேன். விரித்தாள். அந்தப் புடவைக்கு அடியில் கையை விட்டு, கிழிந்த துண்டை அவள் கையில் வைத்தேன். அவள் தொட்டுப் பார்த்தாள். என்ன என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முதலில் என்ன கேட்டாள் தெரியுமா?

"கல்யாணம் நல்லா நடந்துச்சா அக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மேற்பார்வை பார்க்கிற அம்மா எங்கள் பக்கம் வந்து என்ன வேண்டுமாம் என்று அதட்டலாகக் கேட்க, இவள் துளிக்கூடப் பதறாமல், "பார்டர் பிடிக்கலையாம் மேடம், வேற காட்டறேன்" என்றாள். அந்த அம்மா அந்தண்டை போனதும், தலை குனிந்து நின்ற என் காதில் அவள் அடக்கிச் சிரிப்பது கேட்டது. அன்று கடைசி நிமிஷத்தில் ஓடிப்போய் நுழைந்துவிட்டாளாம். கிழிசல் கண்ணில் பட்டால் புதுப் புடவைக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களாம். ரயில் நெரிசலில் மடிப்பு கலைந்துவிடும் என்பதால், யாரும் வருவதற்கு முன்னால் வந்து சரிசெய்துகொள்ள, முந்தைய வண்டிக்கு வர ஆரம்பித்துவிட்டாளாம். நான் அவளைக் காணாமல் தவித்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை நானும் அந்த முந்தைய வண்டிக்குப் போனேன். பல்லாவரத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையையும் அந்தக் கிழிந்த துண்டையும் என் மடியில் போட்டாள். கிழித்த இடத்தில் அந்தத் துண்டை வைத்து, இழைக்கு இழை பொருத்தித் தைக்க ஆரம்பித்தேன். என் பிழைப்பில் எத்தனையோ புடவை தைத்திருக்கிறேன். அன்றைக்குத் தைத்த மாதிரி எதையும் தைத்ததில்லை. பட்டுக்குக் கூட அவ்வளவு பொடித்தையல் போட்டதில்லை.

"அக்கா, பாத்து. உங்க பொடவையோட சேர்த்துடாதீங்க, இன்னிக்கும் ஷட்டர்தான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தேன். மாநிறம். புருவத்துக்குப் பக்கத்தில் ஒரு மச்சம். முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து. ஒரு இருபது வயசு இருக்கும், அவ்வளவுதான். இத்தனை சின்னப் பெண்ணா என்று இருந்தது.

அப்புறம் ரொம்ப நாள் நாங்கள் சேர்ந்தே போனோம். தினமும் என் தோளில்தான் தூங்குவாள். மாம்பலத்துக்கு முன்னால் எழுப்பிவிடுவது என் வேலை. அவளுக்குக் கல்யாணம் ஆகி ஆரணிப் பக்கம் போனபோது அவள் புடவைக்கும் நான்தான் ஃபால்ஸ் தைத்தேன், ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து. அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. ஆபீஸ் வேலையும், ரயில் தையலுமாக என் இரண்டு பெண்களையும் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தேன். பூக்காரம்மா வருவதும் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. இப்போது எனக்குக் கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோர்க்க முடிவதில்லை.

ஆனால் அன்றைக்குப் பிடித்த பழக்கம் ஒன்று இன்னும் போகவில்லை. எப்போதாவது தாம்பரத்தில் ரயில் ஏறினால், உட்கார்ந்ததும் பக்கத்தில் இருக்கிறவள் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். தான் கண்ணாலும் பார்த்திராத ஒரு கல்யாணப் பெண்ணுக்காகத் தன் முந்தானையைக் கிழித்துக் கொடுத்த ஒருத்தி, முகம் தெரியாமலே என் தோளில் தூங்கியிருக்கிறாள் அல்லவா?